மீன் எண்ணெய் குடித்த கார்

அந்தக் காரில் கியர் மாறுவது காதுக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. ஆம்பூரைத் தாண்டி மாதனூர்ப் பக்கம் புளியமரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வரும் இடத்தில் எஞ்சினின் ரீங்காரம் ஒரு மூச்சு தாழும், பிறகு வேறு சுருதியில் தொடரும். அவ்வளவுதான் அடையாளம். கையில் பிடித்த ஸ்டியரிங் அசையாது, பின் சீட்டில் இருக்கும் வெற்றிலைப் பெட்டி குலுங்காது. வெயிலும் நிழலும் கண்ணாடியில் மாறி மாறி விழுந்துகொண்டே இருக்கும். நான் ஓட்டுகிறேனா, யாரோ ஓட்ட நான் பார்த்துக்கொண்டிருக்கிறேனா என்று சில நாள் எனக்கே சந்தேகம் வந்துவிடும். இன்றும் மத்தியானம் கொஞ்சம் கண் அசந்தால் அந்த ரீங்காரம் தாழ்வது கேட்கிறது.

ஐம்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. எனக்கு முப்பது ஆகவில்லை. மூன்று வயதில் வந்த காய்ச்சல் என் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. ஊன்றுகோலோடு நடப்பேன், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பேன், கோபம் வந்தால் அதே கோலால் மேசையைத் தட்டுவேன். கோபம் அடிக்கடி வரும். எல்லாம் என்னால் முடிந்தது, ஜட்கா வண்டியில் ஏறுவதைத் தவிர. ஜட்காக்காரர் இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். நல்ல மனிதர், பெண்பிள்ளையைத் தொடுகிறோமே என்று தூக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். அவர் அப்படி மரியாதை காட்டியதுதான் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. தினமும் இரண்டு தடவை அந்த அவமானத்தை விழுங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போய் வந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் முதலாளி வீட்டுக்குப் போய் அவர் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பேன். தங்கள் நாட்டுக்குத் திரும்பிய ஓர் அமெரிக்கத் தம்பதியிடமிருந்து அவர்களுடைய காரை வாங்கியிருந்தார் அந்த முதலாளி. வெளிர் நீல நிறம், ஸ்டியரிங் இடது பக்கம். கிளச்சே கிடையாது, கியர் தானாக மாறிக்கொள்ளும். அதைப் பார்க்கவென்றே கடைத்தெருவில் ஆட்கள் குனிந்து பெடலை எண்ணுவார்கள். வாங்கி இரண்டு வருடத்தில் முதலாளி மாரடைப்பில் போய்விட்டார். பழைய டிரைவருக்குக் கண்ணில் புரை விழுந்து அவரும் நின்றுவிட்டார். கார் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது.

முதலாளியின் மனைவியை ஊரில் எல்லோரும் பீபிம்மா என்றுதான் சொல்வார்கள். கோஷா வீட்டுப் பெண். வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார், அவர் குரல்கூட அவர்கள் காதில் விழுந்ததில்லை. கணவர் இறந்து, இத்தா என்னும் துக்க காலமும் முடிந்து, சில மாதம் போன பிறகு ஒருநாள் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கதவருகே வந்து நின்றார்.

"டீச்சர், அந்த வண்டியில எடது காலுக்கு வேலையே இல்லியாமே. மெய்யா?"

"ஆமா பீபிம்மா. ரெண்டே பெடல்தான். ரெண்டுக்கும் வலது கால் போதும்."

"அப்போ இன்னா யோசனை?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. காரை என்னை ஓட்டச் சொல்கிறார். என் காலைப் பார்த்து இரக்கப்பட்டவர்களை எண்ணி முடியாது. அதற்கு ஏற்ற வேலை இது என்று கண்டுபிடித்த ஒரே ஆள் அவர்தான். மாணவியின் எதிரில் அழக் கூடாது என்று கோலை எடுத்து மேசையைத் தட்டி, "வாய்ப்பாடு சொல்லு" என்றேன். நடந்துகொண்டிருந்தது இங்கிலீஷ் பாடம்.

பழைய டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, டேனரியின் தோல் காயவைக்கும் களத்தில் எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். காய்ந்துகொண்டிருந்த இரண்டு ஆட்டுத்தோல்கள் மேல் ஏற்றியதோடு சரி, வேறு சேதம் இல்லை. வேலூரில் லைசென்ஸ் கொடுக்க வேண்டிய அதிகாரி என் காலைப் பார்த்தார், காரைப் பார்த்தார், குனிந்து மூன்றாவது பெடலைத் தேடினார். இல்லை என்று தெரிந்ததும் மறுபேச்சு இல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு நானே ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பினேன். யாரும் என்னைத் தூக்கி ஏற்றவில்லை, இறக்கவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு பீபிம்மா சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கும் காரிலேயே போய் வந்தேன், எங்களுக்கென்று ஒரு முறையும் ஏற்பட்டது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் டேனரிக்குப் போவோம். காரின் பின் ஜன்னல்களுக்குத் திரை உண்டு. முற்றத்தில் காரை நிறுத்தியதும், மீன் எண்ணெய் போட்டுத் தேய்த்து முடித்த தோல்களை மேஸ்திரி ஒவ்வொன்றாகத் திரைக்கு அருகில் கொண்டுவருவார். உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் வெளியே வரும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோலின் ஓரத்தைப் பிடித்து மெல்லத் தேய்க்கும். பிறகு கார்க் கதவில் ஒரு தட்டு தட்டினால் தோல் தேறியது. இரண்டு தட்டு என்றால் திரும்பப் போய் இன்னும் எண்ணெய் குடிக்க வேண்டும். முதலாளி உயிரோடு இருந்தபோதே வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டித்தான் சரக்கை அனுப்புவாராம். அந்த விரல் தப்பு சொன்னதாக ஒருத்தரும் கேள்விப்பட்டதில்லை. டேனரியில் பீபிம்மாவுக்கு இருந்த அதிகாரம் முழுவதும் அந்த இரண்டு விரலில்தான் இருந்தது. வெளி வியாபாரத்தைக் கவனித்த அவருடைய கணவரின் தம்பிக்கு அது பிடிக்கவே பிடிக்காது. அண்ணியை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் தானே நடத்த வேண்டும் என்பது அவர் ஆசை.

வியாழக்கிழமை மட்டும் வேலை இல்லாத பயணம். பிற்பகல் அசர் தொழுகை முடித்துவிட்டு வந்து ஏறுவார்.

"எங்க போலாம் பீபிம்மா?"

"போ டீச்சர். நேரா போ."

பள்ளிகொண்டா வரை போவோம், சில நாள் அணைக்கட்டுப் பக்கம் திரும்பி வயல்களுக்கு நடுவில் போவோம். மாலை வெயில் பாலாற்று மணல் மேல் படுத்திருக்கும். ஊரைத் தாண்டியதும் பீபிம்மா திரையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்வார். இருவரும் பேச மாட்டோம். கார் தன் பாட்டுக்கு முதல் கியரிலிருந்து நான்காவது வரை நழுவிப் போகும், ஏற்றம் வந்தால் ஒன்று இறங்கும். நாங்கள் எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை. என் வாழ்க்கையில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த நேரம் எது என்று கேட்டால், யோசிக்காமல் அந்த வியாழக்கிழமைகள் என்றுதான் சொல்வேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான்.

காரோடு வந்த புத்தகம் ஒன்று இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்கிற கர்வம் எனக்கு உண்டு. இத்தனை மைல் ஓடியதும் கியர்ப் பெட்டியின் எண்ணெயை மாற்ற வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. மைல் எப்போதோ கடந்துவிட்டது. டேனரி பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர், "நல்லா ஓடுற வண்டிய ஏன் டீச்சரம்மா நோண்டணும்?" என்று கேட்டார். நான் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைக் கோலால் தட்டிக் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனால் ஒப்புக்கொண்டார்.

மெட்ராசிலிருந்து எண்ணெய் டின்கள் ரயிலில் வந்தன. வீட்டு முன்முற்றத்தில் காரைக் கட்டைமேல் ஏற்றி ஃபிட்டர் பழைய எண்ணெயைச் சொட்டுவிடாமல் வடித்தார். கறுத்த சிவப்பாக ஒரு பேசின் நிறைய வந்தது. புது டின்களை ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டே வந்தவர் கடைசி டின்னைத் தூக்கியதும் நின்றுவிட்டார். டின் காலி. அடியில் பொத்தல், வழியிலேயே ஒழுகியிருக்கிறது. கம்பியை விட்டுப் பார்த்தால் அளவுக் கோட்டுக்கு எண்ணெய் எட்டவில்லை.

"எய்திப் போட்டா இன்னும் பதினஞ்சு நாள்ல வரும், டீச்சரம்மா. அதுவரைக்கும் வண்டிய எடுக்க வேணாம். வடிச்சத திரும்ப ஊத்தக் கூடாது" என்றார் ஃபிட்டர்.

பதினைந்து நாள் என்றால் இரண்டு வியாழக்கிழமை. நான் வாசல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பீபிம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் பழைய எண்ணெயைக் கொண்டுவரச் சொன்னார். கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரலை நனைத்து, தோலைத் தேய்ப்பது போலவே கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தார்.

"இது மீன் எண்ணெய்தான் டீச்சர்."

"காருக்கு எதுக்கு பீபிம்மா மீன் எண்ணெய்?"

"உள்ள தோல் வாஷர் இருக்கும். தோலு இருக்கிற எடத்துல மீன் எண்ணெய் இருக்கும். காஞ்சி போகாம இருக்கணும் இல்ல? நம்ம டேனரி கிட்டங்கில இதவிட ஒசத்தி எண்ணெய் இருக்குது. கம்மியா இருக்கிறத அதால ரொப்பச் சொல்லு."

தோலைத் தின்று தோலை உடுத்து வாழும் ஊர் எங்களுடையது. பம்ப்பு இழுக்காவிட்டால் உள்ளே வாஷர் காய்ந்துவிட்டது என்போம், மீன் எண்ணெய் விடுவோம், இழுக்கும். அமெரிக்காவில் செய்தால் மட்டும் உள்ளே தோல் இல்லாமல் போய்விடுமா என்றுதான் எனக்கும் தோன்றியது. சொன்ன எண்ணெய் தவிர வேறு எதையும் ஊற்றாதே என்று புத்தகம் தடித்த எழுத்தில் சொல்லியிருந்தது. அந்தப் பக்கத்தை நான் ஃபிட்டரிடம் தட்டிக் காட்டவில்லை. நாளைக்கு வியாழக்கிழமை.

"பாய்லர்லகூட நான் கண்டத ஊத்த மாட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஃபிட்டர் ஊற்றினார்.

மறுநாள் கிளம்பியபோது ஒன்றும் தெரியவில்லை. மாதனூர் நெருங்கி வண்டி சூடேறிய பிறகு ரீங்காரம் தாழ வேண்டிய இடம் வந்தது. தாழவில்லை. எஞ்சின் வீணாகக் கத்தியது, கத்திக்கொண்டே இருந்து, திடீரென்று பின்னாலிருந்து மாடு முட்டியது போல ஒரு இடி. வெற்றிலைப் பெட்டி கவிழ்ந்து பாக்கு உருண்டது. பீபிம்மா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

"குழியா டீச்சர்?"

"குழிதான் பீபிம்மா" என்றேன். பொய் சொன்னேன்.

குழி எல்லா இடத்திலும் இருந்தது. ஒவ்வொரு கியருக்கும் ஒரு இடி. புது எண்ணெய் பழகட்டும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பழகவில்லை. அடுத்த வாரம் கடைத்தெருவில், எல்லோரும் பார்க்க, கார் மூன்று முறை துள்ளி நின்றது. எண்ணெய் ஊற்றிய மூன்றாம் நாளே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, மீன் எண்ணெயாக இருக்குமோ என்று. ஆனால் அதை எப்படிக் கேட்பது? அந்த விரல் தப்பு பண்ணிவிட்டது என்று அதை வைத்திருப்பவரிடம் எப்படிச் சொல்வது? வாயைத் திறக்க முடியாமல் இடியை வாங்கிக்கொண்டிருந்தேன். பீபிம்மா திரையை ஒதுக்கிக்கொள்வதை நிறுத்திவிட்டார்.

கடைத்தெருவில் நடந்தது முதலாளியின் தம்பி காதுக்குப் போய்ச் சேர்ந்தது. நேரே வீட்டு வாசலுக்கு வந்தார். திரைக்குப் பின்னால் இருந்த அண்ணியிடம் சொல்வது போல என் காதுபடச் சொன்னார்.

"பாபி, இந்த பேஜார் ஜாஸ்தி ஆய்டுச்சு. நொண்டி வண்டிக்கு ஒரு நொண்டி டிரைவர். ஊரே சிரிக்குது. மெட்ராஸ் புரோக்கர வரச் சொல்லிட்டேன், தள்ளி விட்ருவோம். வேற நல்ல வண்டி எடுத்து ஒரு ஆம்பளை டிரைவரப் போட்டுக்கலாம்."

கோல் கையில்தான் இருந்தது. ஓங்காமல் இருந்ததற்கு இன்றுவரை நான் எனக்கே பரிசு கொடுக்கவில்லை. வேறு நல்ல வண்டி என்றால் கிளச் உள்ள வண்டி. அதை நான் ஓட்ட முடியாது. நான் மறுபடி ஜட்காவுக்குப் போவேன், ஜட்காக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னைத் தூக்குவார். பீபிம்மா ஆம்பளை டிரைவரோடு வியாழக்கிழமை போக மாட்டார். அன்றிரவு பிரார்த்தனையில் கர்த்தரிடம் வேறு எதையும் கேட்கவில்லை, ஒரு கியர்ப் பெட்டியைத்தான் கேட்டேன்.

புரோக்கர் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். பருத்த, கலகலப்பான மனிதர். கார் முன்முற்றத்தில் நின்றது. நான் ஒரு சுற்று ஓட்டிக் காட்டி, சூடான எஞ்சினை அணைக்காமல் இறங்கினேன். தம்பி ஒரு பக்கம், ஃபிட்டர் ஒரு பக்கம். வாசல் திரை அசைந்தது, பீபிம்மா பின்னால் இருக்கிறார் என்று தெரிந்தது. புரோக்கர் பானட்டைத் திறந்து அளவுக் கம்பியை உருவினார். உருவியவர் முகத்தை அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது! காசிமேட்டு மீன் மார்க்கெட்டுல நிக்கிற மாதிரி இருக்குது! உள்ள யாராச்சும் மீன் வறுக்கிறாங்களா?"

எங்களுக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் மீன் எண்ணெயும் சேர்ந்த காற்றைத்தான் பிறந்ததிலிருந்து இழுக்கிறோம், ஆம்பூர்க்காரர்களின் மூக்கு ஐந்து வயதிலேயே வேலையை விட்டு நின்றுவிடும். காரின் வயிற்றில் மீன் கொதித்துக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறது, ஒருவர்கூட மூக்கைச் சுளிக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க மெட்ராசிலிருந்து ஒரு மூக்கு வர வேண்டியிருந்தது.

புரோக்கர் கம்பியைக் காட்டினார். எண்ணெய் முழுக்க நுரை. "பெட்டிக்கு ஒண்ணும் ஆகல போலக்குதே. இந்தக் கண்றாவிய வடிச்சிட்டு, ரெண்டு தபா நல்ல எண்ணெய் ஊத்திக் கழுவினா சரியாப்பூடும்" என்றார். சொன்ன பிறகுதான் வாங்க வந்தவர் இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும், சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

தம்பி ஃபிட்டர் பக்கம் திரும்பினார். "யார் ஊத்தினது? இந்த வீட்ல பாபி சொல்லாம ஒரு சொட்டு எண்ணெய் எறங்காதே?"

ஃபிட்டர் தரையைப் பார்த்தார். தம்பி எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எண்ணெய் விஷயத்தில் அண்ணியின் விரல் தவறியது என்று ஒரு தடவை நிரூபித்துவிட்டால் போதும், நாளைக்கு டேனரி முற்றத்தில் அந்தக் கைக்கு யாரும் தோல் கொண்டுவந்து காட்ட மாட்டார்கள்.

"நான்தான் ஊத்தச் சொன்னேன். யாரையும் கேக்கல" என்றேன்.

"படிச்சவங்க!" என்றார் தம்பி. "இனிமே வண்டியத் தொட வேணாம். சாவிய வெச்சிட்டுப் போங்க."

எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்து மட்கார்டு மேல் வைத்தேன். கோலை ஊன்றித் திரும்பினேன். தெருமுனையில் ஜட்கா நிற்கும், கூப்பிட வேண்டும்.

அப்போது வாசல் திரை ஓரத்தில் அந்தக் கை வெளியே வந்தது. கதவுச் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டியது.

டேனரியில் வேலை பார்த்த எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும். ஃபிட்டர் நிமிர்ந்தார். அதற்கு அடுத்தாற்போல் திரைக்குப் பின்னாலிருந்து பீபிம்மாவின் குரல் வந்தது. மெதுவாகப் பேசவில்லை, வெளி ஆளும் கேட்கட்டும் என்றே பேசினார்.

"டீச்சர் பொய் சொல்றாங்க. மீன் எண்ணெய் ரொப்பச் சொன்னது நான். என் வெரலு தோலுக்குத்தான், வண்டிக்கில்ல. தெரியாத எடத்துல வெச்சேன், தப்பாப் போச்சு. தம்பி, வண்டி விக்கிறதில்ல. வந்தவருக்குச் சாப்பாடு போட்டு அனுப்பு. சாவிய எடு டீச்சர்."

புரோக்கர் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். ஃபிட்டரும் திரும்பிக்கொண்டார். முகம் திருப்பும் மனிதர்களை எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் அன்றைக்கு அவர்கள் திரும்பியதில் எனக்கு அவமானம் இல்லை. தம்பி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்து சாவியை எடுத்தேன். அழுதேன், யார் பார்த்தால் என்ன என்று நன்றாகவே அழுதேன்.

டேனரியில் அந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் பயமாக இருந்தது. திங்கட்கிழமை காரை முற்றத்தில் நிறுத்தியதும் மேஸ்திரி எப்போதும் போலத் தோலோடு வந்து நின்றார். தன் தப்பைத் தானே சொல்கிற விரல் சரக்கில் பொய் சொல்லாது என்று அவர் ஃபிட்டரிடம் சொன்னாராம்.

நல்ல எண்ணெய் வந்தது. ஃபிட்டர் இரண்டு தடவை ஊற்றி வடித்தார், மூன்றாவது தடவை ஊற்றினார். அந்தக் காலத்துக் கியர் எண்ணெயில் திமிங்கலத்தின் எண்ணெய் கலந்திருந்தது என்று பல வருடம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். அந்த விரல் சொன்னது ரொம்பவும் தப்பில்லை, மீன்தான் வேறு.

அடுத்த வியாழக்கிழமை கிளம்பினோம். முதல் கியர் நழுவி இரண்டுக்குப் போனது தெரியவில்லை. கண்ணாடியில் வெயிலும் நிழலும் விழ ஆரம்பித்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும் இடத்தில் ஒரு சின்னத் துள்ளல். இடி இல்லை, முன்பிருந்த வழுக்கலும் இல்லை. முழுக்கச் சரியாகவில்லை. பின்னால் திரை வளையம் நகரும் ஓசை கேட்டது.

"மீன் துள்ளுது டீச்சர்" என்றார் பீபிம்மா.

சிரித்துச் சிரித்து எனக்குச் சாலை தெரியவில்லை, காரை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. அந்தத் துள்ளல் கடைசிவரை போகவில்லை. அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் அந்தக் காரை ஓட்டினேன், மாதனூர் தாண்டும்போதெல்லாம் பின் சீட்டிலிருந்து அதே வார்த்தை வரும். ஜட்காவில் நான் மறுபடி ஏறவே இல்லை. அறுபதுகளின் கடைசியில் பீபிம்மா போனார். நாற்பதாம் நாளுக்குப் பிறகு மகள் சாவியை என்னிடம் கொடுத்து ஒரு தடவை ஓட்டச் சொன்னாள். பின் சீட்டில் யாரும் இல்லாமல் என்னால் மாதனூர் வரை போக முடியவில்லை, பாதியிலேயே திரும்பிவிட்டேன்.

என் அண்ணன் மகள் இப்போது கிளச் இல்லாத கார் வைத்திருக்கிறாள். போன மாதம் என்னை வேலூருக்கு அழைத்துப் போனாள். புளியமரங்கள் இல்லை, சாலை அகலமாகிவிட்டது, கார் சத்தமே போடாமல் போயிற்று. மாதனூர் வந்ததும் என்னை அறியாமல் சீட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"மீன் துள்ளல" என்றேன்.

"இன்னா அத்தை? பசிக்குதா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.